தெரு என்றொரு கட்டம்

எனக்குக் காலிக் கட்டம் பிடிக்காது. வங்கியில் எனக்கு முன்னால் நிற்பவர் சலானில் கிளைப் பெயரை எழுதாமல் விட்டிருந்தால், கேட்காமலே பேனாவை நீட்டிவிடுவேன். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி போடாவிட்டால் போன் பண்ணிச் சண்டை பிடிப்பேன். இது குணமா வியாதியா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அப்படிப்பட்டவளிடம் போய், கல்லூரி நூலகத்தின் மின்காப்பகத்துக்கு விவரம் பதியும் படிவம் அமைக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

மின்காப்பகம் என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒலிப்பதிவு, புகைப்படம், பழைய காகிதம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கும்படி வைப்பது. ஏற்றுவது சுலபம். ஏற்றியதைப் பற்றி எழுதி வைப்பதுதான் கஷ்டம். பேசியவர் யார், எந்த ஊர், எதைப் பற்றிப் பேசினார், எப்போது பதிவானது என்று இருக்க வேண்டும். இதெல்லாம் இல்லாத ஒலிப்பதிவு, பெயர் ஒட்டாத மளிகை டப்பா மாதிரி. திறந்து பார்த்தால்தான் உள்ளே உளுந்தா துவரையா என்று தெரியும்.

எங்களிடம் அப்படி நிறையச் சேர்ந்து கிடந்தன. மாணவர்கள் விடுமுறையில் அவரவர் ஊர்ப் பக்கம் போய், ஆற்றுத் தண்ணீர் பற்றியும் சாகுபடி பற்றியும் வயதானவர்களைப் பேசச் சொல்லிச் செல்போனில் பதிந்து வந்தவை. ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுத் தாள் இருந்தது. பெயர், வயது, ஊர், தெரு, போன் நம்பர், சம்மதக் கையெழுத்து. அதில் அவ்வளவுதான் இருந்தது.

படிவம் அமைப்பது என்றால் திரையில் அழகாகக் கட்டம் வரைவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீளமான ஒரு கோப்பு. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் சில வரிகள். கட்டத்துக்கு என்ன பெயர் காட்ட வேண்டும், கீழே சின்ன எழுத்தில் என்ன குறிப்பு வர வேண்டும், பதிபவர் தானே எழுதலாமா அல்லது கொடுத்த பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, ஒரு பதில் போதுமா பல பதில் வரலாமா, கட்டாயமா இல்லையா. எங்காவது ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் மொத்தக் காப்பகமும் படுத்துவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதை நிறுத்தி மறுபடி எழுப்ப வேண்டும். அது எழுந்து வருவதற்குள் நான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்து, தண்ணீர் குடித்து, மறுபடி நடந்து, திரும்பி வந்து பார்ப்பேன். அது இன்னும் எழுந்திருக்காது. அக்னி நட்சத்திர வெயில். மின்சாரம் போனால் யூபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்தும். உட்கார்ந்து காத்திருக்கும் பொறுமையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இந்தத் திட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். நல்ல மனிதர். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நிலபுலன் உள்ள குடும்பம், மகன் வெளிநாட்டில். மதியம் கொண்டுவரும் மோர்மிளகாயை எல்லோருக்கும் பங்கு வைப்பார். தொழில் என்ற கட்டத்துக்கு அவரே ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுத்தார். மிராசுதார், குத்தகைதாரர், பண்ணையாள், கைவினைஞர். பழைய ரெவின்யூ காகிதங்களைப் பார்த்துப் பார்த்து எடுத்த சொற்கள். விவசாயி என்று ஒன்று சேர்க்கலாமே சார் என்று கேட்டேன். விவசாயி என்று போட்டால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் விவசாயிதான், ஆராய்ச்சி செய்கிறவனுக்கு அது எதற்கும் உதவாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தெரு என்ற கட்டத்தையும் அவர்தான் கேட்டார். எங்கள் பக்கத்தில் எந்தத் தெருக்காரர் வயலுக்கு எந்த வாய்க்கால், யாருக்கு முதலில் தண்ணீர் என்பதெல்லாம் தெருவைப் பொறுத்தது. அதிலும் நியாயம் இருந்தது. இரண்டுக்கும் நான் சிவப்பு நட்சத்திரம் வைத்தேன். சிவப்பு நட்சத்திரம் என்றால் கட்டாயம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

தெருவுக்கு நட்சத்திரம் வைத்தபோது விரல் கொஞ்சம் தயங்கியது. சொல்லிவிடுகிறேன். என் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமம். நான் பிறந்தது தெற்குத் தெருவில். பண்ணைகளில் ஆளாக இருந்த குடும்பங்களின் தெரு அது. இன்று அந்தத் தெருவில் வாத்தியார் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், சொந்த நிலம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடம் ஊர்ப் பெயரோடு தெருப் பெயரையும் சொன்னால் அவர் முகத்தில் ஒன்று நடக்கும். சின்னதாகத்தான் நடக்கும். ஓ என்பார், பேச்சை மாற்றுவார். அதனால் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் ஒரத்தநாட்டுப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அப்பா போன் செய்தால் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவேன். வயல்காட்டில் நின்று பேசுகிற மனிதர், சத்தமாகப் பேசுவார். பதிலுக்கு நானும் சத்தமாகப் பேச வேண்டியிருக்கும்.

விவரங்களைப் பதிய ஒப்பந்தத்தில் ஒரு பெண் இருந்தாள். பேராவூரணிப் பக்கம். முப்பது வயதிருக்கும், பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று. தட்டச்சில் புயல். துண்டுத் தாளைப் பார்ப்பாள், விரல் ஓடும், தாளைக் கவிழ்த்து வைப்பாள். என்னை மேடம் என்பாள். நான் பரபரவென்று நடமாடுவதைப் பார்த்து, மேடம் காலில் சக்கரம் கட்டியிருக்கு என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். காலிக் கட்டமே இல்லாமல் பதிகிறவளை எனக்கு எப்படிப் பிடிக்காமல் இருக்கும்?

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் சோதித்துப் பார்ப்பதற்காக, ஒரு நாள் காலையில் தேடல் பக்கத்தைத் திறந்தேன். இடப் பக்கத்தில் தொழில்வாரியாக அழகாக வரிசை கட்டி நின்றது. எனக்கே ஒரு பெருமை. பண்ணையாள் என்ற சொல்லைச் சும்மாதான் சொடுக்கினேன். பெயர்கள் வந்தன. அவற்றுக்கு நடுவில் என் அப்பாவின் பெயர் இருந்தது.

பெயர் மட்டும் ஒத்துப்போகிறதோ என்று பார்த்தேன். வயது அவருடையது. ஊர் எங்களுடையது. தெரு, தெற்குத் தெரு. தொழில், பண்ணையாள்.

அப்பாவைப் பதிவு செய்த விஷயமே எனக்குத் தெரியாது. பிறகு கேட்டபோது, ஒரு பையன் வந்தான், தண்ணியைப் பத்திக் கேட்டான், பேசினேன், அதைப் போய் உன்னிடம் என்னத்தைச் சொல்வது என்றார். அன்று காலை எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. காதோரம் சூடாகிவிட்டது. அப்பா தன் பெயரில் வாங்கிய நிலத்தின் பட்டாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, கேட்டாலும் கேட்காவிட்டாலும், எடுத்துக் காட்டுகிற மனிதர். அவரைப் போய் உலகம் முழுக்கப் பார்க்கப்போகிற பக்கத்தில் பண்ணையாள் என்று நிறுத்தியிருக்கிறது, நான் கட்டிய படிவம்.

மற்ற பெயர்களையும் சொடுக்கினேன். எங்கள் தெருவில் பேசியவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரே சொல்லின் கீழ் இருந்தார்கள். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த தலைமையாசிரியரும் அதில்தான் இருந்தார். மற்ற ஊர்களிலும் அதே கதை. தெருவின் பெயரைப் பார்த்தால் தொழில் தெரிந்துவிடும்படி எல்லாம் ஒரே சீராக இருந்தது. துண்டுத் தாளில் தொழில் கிடையாது. படிவமோ கட்டாயம் என்றது. ஒவ்வொரு பதிவையும் கேட்கவும் நேரம் கொடுக்கவில்லை. பதிகிறவள் தெருவைப் படித்தாள், தொழிலைத் தேர்ந்தெடுத்தாள். வெளியூரிலிருந்து வந்த யாராவது பதிந்திருந்தால் திணறிப்போய் என்னிடம் வந்து கேட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத்தான் இது கேட்காமலே வரும்.

நேராக அவள் மேசைக்குப் போனேன். எனக்குக் கோபம் வருவதற்கு நேரமாகாது, போவதற்குத்தான் ஆகும். யாரைக் கேட்டு இப்படிப் போட்டீர்கள், பேசியவர் சொன்னதை ஒரு நிமிடமாவது கேட்டீர்களா, மனிதர்களைப் பற்றி எழுதுகிறோம் என்ற நினைப்பு வேண்டாமா என்று பொரிந்து தள்ளினேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் விரலை விசைப்பலகையிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்த பிறகு ஒரு பதிவைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினாள்.

“இது எங்க தாத்தாக்கா,” என்றாள். அதுவரை அவள் என்னை அக்கா என்றதில்லை. “தேங்கா மண்டியில உரிக்கிறவரு. நெல்லு வயல்ல கால வச்சதே கெடயாது. அவரையும் பண்ணையாள்னுதான் போட்டிருக்கேன். நீங்க குடுத்த லிஸ்ட்ல எங்களுக்குன்னு வேற என்ன இருக்கு?”

அவள் தாத்தாவின் தெருவைப் பார்த்தேன். பேர்தான் வேறு, மற்றபடி எங்கள் தெருதான். இவ்வளவு நாள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே டப்பாவில் ஊறுகாய் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறோம். அவளும் பேராவூரணிப் பக்கம் என்பதோடு நிறுத்தியிருக்கிறாள், நானும் ஒரத்தநாட்டுப் பக்கம் என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். அவளைத் திட்டியது நெஞ்சில் உறுத்தியது. மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் விடுங்க என்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வராந்தாவில் நடந்தேன். எங்கள் தெருக்காரர்கள் நெற்றியில் இருந்த அந்தச் சொல்லை எடுக்க வேண்டும். எடுப்பது எனக்கு ஒரு மதியத்து வேலை. ஆனால் பட்டியல் பேராசிரியருடையது. அவரிடம் காரணம் சொல்ல வேண்டும். என்ன காரணம் சொல்வது என்று யோசித்தேன். மென்பொருளில் சிக்கல் என்று சொல்லலாம், பட்டியல் சரியாகத் திறக்கவில்லை என்று சொல்லலாம். எல்லாம் தயாராக வைத்துக்கொண்டுதான் அவர் அறைக்குள் போனேன்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் உற்சாகமாக இருந்தார். திறப்பு விழாவில் பெரிய திரையில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டப் போகிறாராம், தண்ணீர் பற்றிப் பேசும் இடங்களை மட்டும் ஓட்டிக் கேட்டு ஒன்றைப் பொறுக்கி வைத்திருக்கிறாராம். கணினியைத் திருப்பிக் காட்டினார். என் அப்பா.

“நம்ம தொகுப்புலயே இதுதாம்மா மணி,” என்றார். “கடைமடைக்குத் தண்ணி எப்படி வந்துச்சுன்னு ஒவ்வொரு மடையா சொல்றாரு. அதுவும் ஒரு பண்ணையாள் தன் வாயால சொல்றாரு பாருங்க. அதுக்குத்தான் மதிப்பு.”

மென்பொருள் சிக்கலைச் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு அதைச் சொல்லவில்லை.

“அவரு எங்க அப்பா, சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். ஒரத்தநாடு என்றுதானே சொன்னீர்கள் என்றார். ஒரத்தநாட்டுப் பக்கம் என்று சொன்னேன் என்றேன். முகத்தில் அந்தச் சின்ன விஷயம் நடக்கிறதா என்று பார்த்தேன். நடந்தது. ஆனால் அவர் அதை மறைக்கப் பட்ட பாட்டையும் பார்த்தேன். எனக்காகச் சங்கடப்பட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்,” என்றார். “அதனால என்ன, அப்பாவுக்கு மட்டும் மாத்திடுங்க. குத்தகைதாரர்னு போட்டுடுங்க. யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல.”

உண்மையைச் சொன்னால், ஒரு மூச்சு நேரம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சொடுக்கினால் முடிந்தது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். அப்புறம் தேங்காய் மண்டித் தாத்தா நினைவுக்கு வந்தார், தலைமையாசிரியர் வந்தார்.

“அவரு ஒருத்தருக்கு மட்டும் மாத்துனா, மத்தவங்களுக்குப் போட்டது சரின்னு ஆயிடும் சார்,” என்றேன்.

வாக்குவாதம் நடந்தது. பட்டியல் இல்லாவிட்டால் தேடுகிறவன் எதை வைத்துத் தேடுவான் என்றார். அவர்கள் சொன்ன சொல்லை வைத்தே தேடட்டும் என்றேன். ஆளுக்கொரு சொல் சொல்வார்களே என்றார். சொல்லட்டும் என்றேன். இது ஆராய்ச்சி முறை இல்லை என்றார். பேசியவர் வாயைக் கேட்காமல் தெருவைக் கேட்டுத் தொழில் எழுதுவது எந்த ஆராய்ச்சி முறை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் பட்டியல் அச்சடித்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு காலம் உழைத்து எடுத்த சொற்கள் என்பது எனக்கும் தெரியும். கடைசியில் அதை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். விழா தள்ளிப்போகாது, அதற்குள் முடிந்தால் செய்யுங்கள் என்றார்.

அன்றைக்கே கோப்பைத் திறந்தேன். தொழிலுக்கு இருந்த பட்டியலை எடுத்தேன். பதிபவரே எழுதும் கட்டமாக மாற்றினேன். ஒன்றுக்கு மேல் எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று வைத்தேன். கீழே சின்ன எழுத்தில், தன்னைப் பற்றி அவர் சொன்ன சொல்லையே எழுதவும் என்று குறிப்புப் போட்டேன். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, சிவப்பு நட்சத்திரத்தையும் எடுத்தேன். சொல்லாதவரைச் சொல்ல வைக்க நாம் யார்? காலிக் கட்டம் ஒன்று திரையில் வந்து நின்றது. அதைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. அப்படியே விட்டேன்.

தெருவையும் மாற்றினேன். அதை எடுக்கவில்லை, உள்ளே இருக்கும், வெளியே தெரியாது என்று ஆக்கினேன். பேசியவர் விரும்பினால் மட்டும் ஒரு டிக் வைத்து வெளியே காட்டலாம். இதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. இது எல்லோருக்கும் பாதுகாப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒப்பந்தக்காரப் பெண் பார்த்துவிட்டு, அதுதான்க்கா நல்லது என்றாள். அவள் சொன்னதும் இன்னும் உறுதியாகிவிட்டது.

அப்புறம் கேட்க உட்கார்ந்தோம். அவள், நான், மறுநாளிலிருந்து பேராசிரியரும். அவராகவே ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மேசையில் இடம் கேட்டார். மிராசுதார் என்று போட்டிருந்த மேலத்தெருக்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டு, காதிலிருந்து கழற்றி எங்களைப் பார்த்தார். அந்த மனிதர் நிலத்தையெல்லாம் எப்போதோ விற்றுவிட்டாராம். கும்பகோணத்தில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாம். அதை அப்படியே எழுதுங்கள் சார் என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல். அவர் எழுதினார்.

அப்பாவின் பதிவை நான் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன். வேறு யாரும் தொடவில்லை. விழா நெருங்கிவிட்டது. ஒரு மதியம், ஜன்னலைச் சாத்தி, உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து கேட்டேன்.

முதலில் கோழிச் சத்தம். பிறகு அந்தப் பையன், ஐயா உங்க தொழில் என்னங்க என்று கேட்கிறான். அப்பா மெல்லுகிற சத்தம். வெற்றிலையை ஒதுக்கிக்கொள்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“தொழிலா?” என்கிறார். “நீ எந்த வருசத்துத் தொழிலக் கேக்குற தம்பி?”

பையன் சிரிக்கிறான். அப்பா சிரிக்கவில்லை, வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். மாடு மேய்த்தது. பண்ணையில் ஆளாக இருந்தது. அதை அவர் ஒளிக்கவே இல்லை. யார் பண்ணை, எந்த வயல் என்று கூடச் சொன்னார். ஆறு காய்ந்த வருடம் வேதாரண்யத்துக்குப் போய் உப்பளத்தில் உப்பு வாரியது. தேங்காய் லாரிக்கு லோடு ஏற்றியது. குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தது. தன் பேருக்கு நிலம் வாங்கியது. இப்ப என்னங்க செய்றீங்க என்று பையன் கேட்டான். “இப்பவா? இப்ப மேட்டூர்த் தண்ணிக்குக் காத்திருக்கேன். அதையும் எழுதிக்க,” என்றார்.

எழுதிக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் சேர்த்தேன். கூட்டல் குறியை அழுத்த அழுத்தக் கட்டம் வந்துகொண்டே இருந்தது. பண்ணையில் ஆள் என்பதும் அதில் ஒன்றாக, அதற்குரிய இடத்தில், மேலும் கீழும் மற்ற வேலைகளோடு நின்றது. இப்போது அந்தச் சொல்லைப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை. பெருமை என்றுதான் சொல்ல வேண்டும். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். அந்தப் பெண் தலையைத் திருப்பாமல் கைக்குட்டையை என் பக்கம் தள்ளினாள்.

வெளியிடுவதற்கு முன் பேசியவருக்குப் போன் செய்து, எழுதியதைப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். விதி. அந்த விதியைப் போட்டதும் நான்தான். அப்பாவுக்குப் போன் செய்தேன். திரையைப் பார்த்துப் படிக்க வேண்டியிருந்ததால் மாடிப்படிக்குப் போக முடியவில்லை. மேசையிலேயே, வாயைக் கையால் மூடிக்கொண்டு, மெல்லப் பேசினேன்.

அவர் வயலில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடுகிற சத்தம். விஷயத்தைச் சொன்னேன். சரி படி என்றார். படித்தேன். உப்பளத்தையும் போட்டுட்டியா, அது ஒரு கோடைதானேம்மா என்றார். தண்ணிக்குக் காத்திருப்பதைப் படித்தபோது சிரித்தார். பதிவின் சுருக்கத்தையும் படித்தேன்: கடைமடை, முறைத் தண்ணீர், மடைக்குக் காவல் கிடந்தது. முடித்துவிட்டு, சம்மதமாப்பா என்று கேட்டேன்.

“எல்லாம் சரிதான். தெரு எங்க?”

தெரு உள்ளே இருக்கிறது, வெளியே தெரியாது, அப்படித்தான் எல்லோருக்கும் வைத்திருக்கிறேன் என்றேன்.

“ஏன்?”

பாதுகாப்பு என்று சொல்ல நினைத்தேன். அவரிடம் அந்தச் சொல்லைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, மேலத்தெரு வயலெல்லாம் பாஞ்சு முடிச்சப்புறம் கடைசியா நம்ம தெரு வயலுக்குத்தான் தண்ணி வரும். அதத்தானே அவ்வளவு நேரம் பேசுனேன். எந்தத் தெருன்னு போடலன்னா, கேக்குறவன் நான் எதுக்கு ராத்திரி பூரா மடையில கெடந்தேன்னு நெனப்பான்? கிறுக்கன்னு நெனப்பான். தெருவப் போடு.”

நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், இதை யோசிக்கவில்லை. அவர் பேசியது முழுவதும் அந்தத் தெருவில் நின்று பேசியது. அதை நான் உருவிவிட்டு மீதியை அழகாக அடுக்கி வைத்திருந்தேன். மவுஸை நகர்த்தி அந்த டிக்கை வைத்தேன். பக்கம் ஒரு முறை சுற்றி நின்றது. ஊருக்குக் கீழே தெரு வந்து உட்கார்ந்தது.

“போட்டியா?”

“போட்டுட்டேம்ப்பா.”

“எங்க, படி.”

வாயை மூடியபடியே படித்தேன். கேட்கவில்லை என்றார். கொஞ்சம் சத்தமாகப் படித்தேன். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் விழவில்லை என்றார். பேராசிரியர் ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்தார். அந்தப் பெண்ணின் விரல்கள் நின்றிருந்தன. பக்கத்து மேசைக்காரர், வாசலில் தபால் கொண்டுவந்து நின்ற ஒருவர், எல்லோரும் இருந்தார்கள். கையை வாயிலிருந்து எடுத்தேன்.

“தெற்குத் தெரு,” என்று கத்தினேன்.

“ம். இப்பக் கேட்டுச்சு,” என்றார் அப்பா.